ஜெனிட்டாவின் கழுத்து

மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள என்னிடம் வராதீர்கள். உங்கள் கையில் கேமரா வைத்த கருவி இருக்கிறது. திரையில் தொண்டை பளிச்சென்று தெரிகிறது. நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடது கை கடுக்கக் கடுக்க, நோயாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் போட்டோம். அந்தப் பெருமையைப் பேசவும் நான் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மயக்க மருந்து கொடுத்தவள் ஓய்வு பெற்றதும் செய்கிற முதல் காரியம், உங்களைப் போல இப்போதுதான் மயக்கவியல் படிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பிடித்துவைத்துத் தன் சாதனைகளைச் சொல்லிக் கொட்டாவி விட வைப்பதுதான். நீங்களாகவே என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு கேஸ் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு. மறக்க முடியாதது எனக்கு ஒன்றுதான். அதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

முதலில் ஒரு சடை விஷயம் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகிற பெண்களுக்கு வார்டிலேயே ரெட்டைச் சடை பின்னி அனுப்பும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் உண்டு. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டர் ஒருவர் இதில் மகா கறார். எனக்கு வெகுகாலம் முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அறுபது வயது அம்மாவாக இருந்தாலும் காதுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு சடை தொங்காமல் தியேட்டர் கதவைத் தாண்ட விடமாட்டார். நான் சேர்ந்த புதிதில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "சிஸ்டர், இவங்களை ஆபரேஷனுக்குக் கொண்டு வர்றீங்களா, அஞ்சாங் கிளாஸ் பரீட்சைக்குக் கொண்டு வர்றீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "பின்னால முடிச்சு இருந்தா தல ஒழுங்கா படுக்காது டாக்டர். பழைய டாக்டர் சொல்லியாக்கும் செய்யுதோம்" என்றார்.

"பழைய டாக்டர் போயாச்சு. தொப்பி போட்டு அனுப்புங்க, போதும். நேரமாவது மிச்சமாகும்" என்றேன். அன்றோடு சடை நின்றது. பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்தோம். முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கோ தலையை எப்படி வைத்தாலும் குழாய் போய்விட்டது. ஒன்றும் நடக்காததை நான் என் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் உருண்டையைக் கையில் எடுத்திருந்தேன். தியேட்டருக்கு ஓடிவரச் சொல்லி ஆள் வந்தது. கடியப்பட்டணத்திலிருந்து ஜெனிட்டா என்று ஒரு பெண், ஒன்பதாவது மாதம். நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. புருஷன் வளைகுடாவில் படகில் வேலை. கூட வந்தது மாமியார் மட்டும். தியேட்டர் வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வயித்துலயே போச்சு டாக்டர். இது மூணாமத்தது. இவளும் பிள்ளையும் முழுசா வரணும். இல்லேண்ணா எனக்க மவனுக்கு நான் எப்பிடி போன் போடுவேன்?"

நான் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்ததால் முதுகில் ஊசி போட முடியாது. முழு மயக்கம்தான் வழி. அதுவும் நிமிஷக் கணக்கில். ஜெனிட்டாவுக்கு நினைவு இருந்தது. பல் கிட்டிப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி போட்டிருந்தார்கள். நான் பிராணவாயு முகமூடியை அவள் முகத்தில் வைத்து அழுத்தும்போது சிஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், இவளுக்க முடி நேர்ச்சை முடியாக்கும். பிள்ளை பொறந்தா மாதாவுக்கு மொட்டை போடுததுக்கு வருசக் கணக்கா வளத்தது. அப்பிடியே சுருட்டி…"

"சிஸ்டர், முடியைப் பத்திப் பேசுற நேரமா இது?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் மருந்தைச் செலுத்தினேன். தூங்கவைக்கிற மருந்து, பின்னாலேயே தசைகளைத் தளர்த்துகிற மருந்து. அந்த இரண்டாவது மருந்து போன கணத்திலிருந்து அந்தப் பெண்ணால் தானாக மூச்சுவிட முடியாது. அவள் மூச்சு உங்கள் பொறுப்பு. இதை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். எனக்கு அன்றுதான் முதுகுத்தண்டில் உறைத்தது.

கருவியை வாய்க்குள் விட்டேன். நாக்கு தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. குரல்நாண்களை மூடுகிற அந்தச் சின்ன மடலின் நுனி மட்டும் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. தலை மார்பை நோக்கியே கவிழ்ந்து நின்றது. தோளுக்கும் அடியில் போயிருந்த தலையணை உயரமாக இருக்கிறது என்று நினைத்து, "எடுங்க அதை" என்று கத்தினேன். உதவியாளர் தலையணையை உருவினார். இன்னும் மோசமாயிற்று. மறுபடியும் கருவியை விட்டு, பலத்தைக் கூட்டித் தூக்கினேன். இப்போது மடலின் நுனிகூட இல்லை. உதட்டில் ரத்தம் கசிந்தது.

வெளியே எடுத்து முகமூடியை வைத்துப் பையை அழுத்தினேன். காற்று உள்ளே போகவில்லை. கன்னத்தைச் சுற்றிப் புஸ்ஸென்று வெளியே வந்தது. நாடியின் ஓசையைச் சொல்லும் கருவி இருக்கிறதே, ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அதன் சுருதியும் இறங்கும். கர்ப்பிணிக்கு அது சரசரவென்று இறங்கும்.

"ஆரம்பிக்கட்டுமா? குழந்தைக்கு ரொம்பக் கொறையுது" என்றார் மகப்பேறு மருத்துவர். கத்தி அவர் கையில் இருந்தது.

"இருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"டாக்டர்…" என்றார் சிஸ்டர்.

"பேசாதீங்க!"

மூன்றாவது முறையாகக் கருவியைக் கையில் எடுத்தேன். என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? முதல் இரண்டு முறை செய்ததையே செய்யப்போகிறேன், இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக. அவ்வளவுதான் என் திட்டம். அப்போது சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தியேட்டரில் அதுவரை யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

"கொண்டை அடியில இருக்கு டாக்டர். தல பின்னால போவாது."

கையைத் தலைக்கு அடியில் விட்டேன். ஐயோ! தொப்பிக்குள், பிடரிக்கு நேரே, ஒரு இளநீர்க் கருக்கு அளவுக்கு முடி. எண்ணெய் வைத்து இறுக்கிச் சுருட்டின முடி. அதுதான் தலையை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது. நான் தலையணையை எடுத்தபோது தோள் தாழ்ந்ததே தவிர, கொண்டை அங்கேயேதான் இருந்தது.

உதவியாளர் கத்தரிக்கோலை நீட்டினார். கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அத்தனை முடியையும் வெட்டித் தீர்க்கும்வரை அவள் மூச்சில்லாமல் கிடக்க வேண்டும். "வெட்ட வேண்டாம், தோளைத் தூக்குங்க!" என்றேன். உதவியாளர் அவள் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். மகப்பேறு மருத்துவரின் உதவியாளர் மடித்து வைத்திருந்த பச்சைத் துணிகளை அடுக்கடுக்காகத் தோளுக்கும் மேல்முதுகுக்கும் அடியில் திணித்தார். சிஸ்டர் கொண்டையைத் தலைக்கு அடியிலிருந்து உருவிப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தார். தலை என் உள்ளங்கையில் பின்னோக்கிச் சாய்ந்தது. காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் இருக்கிற பள்ளமும் ஒரே மட்டத்துக்கு வந்தன. உங்கள் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதே மட்டம்.

முகமூடியை வைத்துப் பையை அழுத்தினேன். நெஞ்சு எழும்பியது.

இன்னொரு முறை. எழும்பியது. சுருதி ஏற ஆரம்பித்தது. நான்கைந்து மூச்சு கொடுத்துவிட்டுக் கருவியை விட்டேன். இரண்டு குரல்நாண்களும் வெள்ளை வெளேரென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. முழுசாக, ஒரு மறைப்பும் இல்லாமல். குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. "கத்தி வைங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தை வெளியே வந்தது. முதலில் அழவில்லை. பிறகு அழுதது. நானும் முகக்கவசத்துக்குள் அழுதேன், யாருக்கும் தெரியாது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறினாலும் பரவாயில்லை மக்கா, பதறிக்கொண்டே ஒரு அடி பின்னால் போய் நின்று, ஆள் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். தொண்டை தெரியவில்லை என்றால் தொண்டையில் குறை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் படுக்கவைத்த விதத்தில் குறை இருக்கும். எதையும் மாற்றாமல் அதையே இரண்டாம் தடவை செய்வதற்கு முயற்சி என்று பேர் வைக்காதீர்கள். அது பிடிவாதம். யாராவது உங்களை "டாக்டர்" என்று தயங்கிக் கூப்பிட்டால் வாக்கியத்தை முடிக்க விடுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் எனக்கு நல்லது. நீங்கள் கை தட்டுவீர்கள், நானும் டீ குடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அன்று சாயங்காலம் மயக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை தோற்றது ஏன் என்று எழுத வேண்டும். 'கொண்டையைக் கவனிக்கவில்லை, சிஸ்டர் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை, ரெட்டைச் சடையை நிறுத்தியதே நான்தான்' என்று எழுதுவாளா ஒரு சீனியர் டாக்டர்? நான் எழுதியது இது: 'கழுத்து அசைவு குறைவு. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது மிகக் கடினம். இனி முழு மயக்கம் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அழகான கையெழுத்தில் செய்தேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டிலும் அதே வரிகள் ஏறின.

கோப்பை அடுக்க வந்த சிஸ்டர் அதைப் படித்தார். "கழுத்து நல்லாத்தான இருந்துது டாக்டர்?"

"எழுதி வச்சா அடுத்த டாக்டர் கவனமா இருப்பாங்க சிஸ்டர். அவளுக்குத்தான் நல்லது."

அவர் கோப்பை மூடி அடுக்கில் வைத்தார். மறுநாள் நான் ஜெனிட்டாவின் கட்டிலருகே போய் அதையே வாயாலும் சொன்னேன். உன் கழுத்து அமைப்பு அப்படி, அதனால்தான் கஷ்டமாகிவிட்டது, இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அத்தை கூட தலையில மீன் கூடை சொமக்கியேன் டாக்டர். அதுனாலயா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த வாரமே ரெட்டைச் சடையை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை அறைக்கு ஒரு பெண் வந்தாள். ஒடுங்கிப்போன உடம்பு, கூடவே ஒரு சிறுமி. "ஓர்மை இருக்கா டாக்டர்? கடியப்பட்டணம் ஜெனிட்டா" என்றாள். பித்தப்பையில் கல். மூன்று வருஷமாக வலி. எண்ணெய் தொடாமல், வலி வரும்போதெல்லாம் சுருண்டு படுத்து எழுந்திருக்கிறாள். போன இடத்தில் எல்லாம் என் சீட்டைப் படித்துவிட்டு, 'திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, இங்கே வேண்டாம்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போய்ச் செலவழிக்க அவளுக்கு வழி இல்லை. இப்போது பித்தப்பையில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது.

"உயிரக் காப்பாத்தினவிய நீங்கதான. அதான் உங்ககிட்டயே வந்துட்டேன்" என்று சொல்லிப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். லேமினேட் பண்ணி வைத்திருந்தாள். மூலை நான்கும் தேய்ந்திருந்தது.

பக்கத்தில் எங்கள் இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார், உங்கள் வயதுதான். அவர் ஜெனிட்டாவை வாயைத் திறக்கச் சொன்னார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அவள் உத்தரத்தைப் பார்த்தாள், கழுத்து அவ்வளவு லேசாகச் சாய்ந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், நல்லாத்தானே இருக்கு?"

தப்பிக்க வழி இருந்தது. கர்ப்ப காலத்தில் தொண்டை வீங்கியிருக்கும், இப்போது வடிந்திருக்கும் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அந்தச் சிறுமி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எங்க அம்மைக்கு கழுத்து சரியில்ல. மயக்கம் குடுக்காதீங்க. குடுத்தா செத்துப்போவாவ. இந்த பேப்பரைப் பாருங்க."

"நான் எங்கயாவது விழுந்துட்டா சொல்லதுக்குப் படிச்சுக் குடுத்தது டாக்டர். பிள்ளைக்க அப்பா ஊர்ல இல்லல்லா" என்றாள் ஜெனிட்டா, பெருமையாக.

என்னால் முடியவில்லை. பிள்ளையை வெளியே பாட்டியிடம் அனுப்பச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, ஜெனிட்டாவுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டை, சிஸ்டர், நான் கத்தினது, எழுதினது. "உன் கழுத்துல அன்னைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. உன் தலையைத் தப்பா வச்சது நான். அதை மறைக்கத்தான் அப்படி எழுதினேன்."

அவள் சீட்டை எடுத்து அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"மீன் சொமந்ததுனாலண்ணு சொன்னியளே?"

"பொய் சொன்னேன்."

"அன்னைலேருந்து நான் தலையில கூடை வைக்கல்ல டாக்டர். அத்தை ஒத்தைக்கு சொமந்தாவ. எனக்க பங்கையும் சேத்து." சீட்டை மேசையில் வைத்தாள். "எனக்க பிள்ளைக்கு அஞ்சு வயசுல, நான் சாவுததைப் பத்திப் படிச்சுக் குடுத்திருக்கேன். கொஞ்சமாவது யோசிச்சியளா?"

மன்னித்துக்கொள் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இளம் மருத்துவரைக் காட்டினாள்.

"ஆப்பரேசன் செஞ்சுக்கிடுதேன். ஆனா மயக்கம் நீங்க தரவேண்டாம். இவிய தரட்டும்."

நியாயம்தானே? நான் பழைய கோப்பை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனைத் தலைவரிடம் போய் நானே சொன்னேன். அவர் திட்டினதைக் கேட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்றுப்போன சிஸ்டருக்குப் போன் போட்டேன். "இப்பமாவது சொன்னியளே" என்றார், அவ்வளவுதான்.

அறுவைச் சிகிச்சையன்று தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கதவுக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் ஜெனிட்டாவின் மாமியார், வாய் ஜெபத்தை முணுமுணுக்க, ஒரு கை தன் பிடரியைப் பிசைந்துகொண்டே இருந்தது. மருமகள் அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போதே அவளை உயிரோடு பார்ப்பது இதுதான் கடைசி என்று நினைத்துத்தான் வந்தேன் என்றார் அந்த அம்மா.

ஆபரேஷன் முடிந்து கதவு திறந்தது. இளம் மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வேகமாக வந்தார். "மேடம், கிரேடு ஒன். குரல்நாண் முழுசாத் தெரிஞ்சுது. குழாய் முதல் பார்வையிலேயே போயிடுச்சு." சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவிய என்ன சொல்லிட்டுப் போறாவ டாக்டர்? கெட்டதா?" என்று மாமியார் என் கையைப் பிடித்தார்.

"இல்லம்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அவளுக்கு ரொம்ப நல்ல கழுத்துன்னு சொல்றார்."

அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏழு வருசமா பயந்து செத்தோம். நீங்க சரியாக்கிட்டியளே டாக்டர். நல்லா இருப்பிய."

ஜெனிட்டாவிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. கையை விடுவித்துக்கொள்ளாமல், "அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.